ஒற்றை ஆள் தள்ளிய எட்டு டன் வண்டி

போருக்குப் போவதற்கு முன்பு ஆர்னோ கிர்ஸ்டன் குழந்தை வண்டி செய்துகொண்டிருந்தான். சைட்ஸ் ஊரில் அதுதான் தொழில். ஊரில் பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். மீதிப் பேர் அங்கே வேலை கேட்டு நடையாய் நடந்தார்கள். ஆர்னோவின் பங்கு மேல்கூடு. மெல்லிய மரச்சட்டத்தை ஆவியில் காட்டி வளைத்து, அதன்மேல் மெழுகுத்துணியை இழுத்து ஒட்டி, ஆணி தெரியாமல் ஓரத்தை மடிக்க வேண்டும். விரலால் சுண்டினால் துணி மேளம்போலப் பேச வேண்டும். பதினாறு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் அவன் அதைத்தான் செய்தான். அவன் தங்கை ஹெர்த்தா கட்டிக்கொண்ட எர்ஹார்டும் அதே தொழிற்சாலையில் சக்கரம் பூட்டுகிறவன். மேல்கூடு ஒருவன், சக்கரம் ஒருவன் என்று இருந்ததால் கல்யாணப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

ராணுவம் ஆர்னோவைத் தச்சன் என்று பதிந்துகொண்டு லிபியாவுக்கு, ஒரு வண்டிப் பட்டறைக்கு அனுப்பியது. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மரமே கிடையாது. தச்சனை எதற்கு அனுப்பினார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை, அனுப்பியவர்களுக்கும் தெரிந்திருக்காது. கெட்டியான ரொட்டியை ரம்பத்தால் அறுத்துக் கொடுப்பதுதான் முதல் ஆறு மாதம் அவன் செய்த உருப்படியான மரவேலை.

எர்ஹார்டும் அதே பாலைவனத்தில்தான் இருந்தான், காலாட்படையில். ஊர்ப் பத்திரிகைகளில் காலாட்படை எப்போதும் இரும்பு வண்டியில் போகும். முன்னால் டயர், பின்னால் சங்கிலிப் பட்டை, சுற்றிலும் கவசத் தகடு. பத்துப் பேர் உள்ளே உட்காரலாம். துப்பாக்கிக் குண்டும் குண்டுச் சிதறலும் உள்ளே வராது. எட்டு டன் எடை. ஹெர்த்தா அந்தப் படத்தை வெட்டி அடுப்பங்கரையில் ஆணியடித்து வைத்திருந்தாள், புருஷன் அதற்குள் பத்திரமாக இருக்கிறான் என்று.

எர்ஹார்ட் அதற்குள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவன் போனதெல்லாம் லாரியில். அந்த வண்டிகள் பாலைவனத்துக்கு வந்ததே கொஞ்சம். கடலில் கொஞ்சம் மூழ்கின. வந்து சேர்ந்தவற்றைப் புழுதி தின்றது. சங்கிலிப் பட்டையின் மூட்டு ஒவ்வொன்றிலும் மணல் புகுந்து அரைத்துவிடும், மாற்றுவதற்கு உதிரிபாகம் வராது. அதனால் ஒரு வண்டி கிடைத்தவன் அதை வெளியே காட்டமாட்டான். மேலிடம் கேட்டால் என்ஜின் போய்விட்டது என்பான், பட்டை அறுந்துவிட்டது என்பான். ஆர்னோவின் பட்டறைக்கு அந்தக் குளிர்காலத்தில் இரண்டு வந்தன. ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பிழைக்க வைத்தார்கள். அதையும் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

1942 பிப்ரவரியில் டிவிஷன் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்கள் மஞ்சளாக இருந்தன. பட்டறையின் தலைவர் கேப்டன் வென்ட்ஸ்கேயையும் சார்ஜண்ட் ஷ்லூட்டரையும் ஆர்னோவையும் மட்டும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இரும்பு வண்டி ஆறு வேணும்" என்றார். "துணியில. எதிரி விமானம் மேலருந்து பாத்தா நெஜம்னு நம்பணும். நீங்க மூணு பேர் தவிர வேற யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ராணுவ நீதிமன்றம்."

ஆர்னோவுக்கு அந்தப் பாலைவனத்தில் முதல் தடவையாகக் கை பரபரத்தது. சிசிலியிலிருந்து எலுமிச்சை வந்த பெட்டிகளை உடைத்துச் சட்டம் செய்தான். கூடாரத் துணியை மாவுப் பசையால் ஒட்டினான். தகடுகள் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு தெரிய வேண்டும் என்று துணிக்கு அடியில் கயிறு வைத்தான். அதை யாரும் கேட்கவில்லை. உடைந்த மோட்டார் சைக்கிள்களின் சக்கரங்களை உள்ளே மறைத்து வைத்தான். அடியில் பலகை கிடையாது. வண்டி முழுவதும் ஒரு கூடை கவிழ்த்ததுபோல. பக்கத்துக் கூடாரங்களில் இருந்த பதூயின் நாடோடிகளின் ஆடுகள் மட்டும் உண்மையைக் கண்டுபிடித்து, மாவுப் பசைக்காக ஒரு வண்டியின் மூலையை நக்கித் தின்றுவிட்டன. அதன்பிறகு பசையில் மண்ணெண்ணெய் கலந்தார்கள்.

ஆறையும் பட்டறைக்கு எதிரே நானூறு அடி தள்ளி இருந்த சரிவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு சோதனைச் சாவடி. தார்ப்பாய் போர்த்தி, லாரியில் கட்டி இழுத்துப் போனார்கள். காவலுக்கு நின்றவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நம்பர் எங்க?"

"புது வண்டி. இன்னும் வரல" என்றார் ஷ்லூட்டர்.

"நம்பர் இல்லாம எதையும் விட முடியாது சார்."

"உள்ள என்னன்னு கேட்டியா?"

"எனக்கெதுக்கு? நம்பரைக் காட்டுங்க, போங்க."

ஷ்லூட்டர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். "டேய் தச்சா, நம்பர் இல்லாத சாமான் நம்ம ராணுவத்துல கிடையாது. ஏதாவது எழுது." ஆர்னோ பலகையும் வெள்ளை வண்ணமும் எடுத்து, மனத்துக்கு வந்த ஆறு நம்பர்களை அழகாக எழுதினான். காவலாளி ஆறையும் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டு வழிவிட்டான். அந்தப் பதிவேடு வாராவாரம் டிவிஷன் அலுவலகத்துக்குப் போகும் என்பதை மூவரில் ஒருவரும் நினைக்கவில்லை.

ஆறு வண்டிகளும் சரிவில் வரிசையாக நின்றன. கால்தடம் விழக்கூடாது என்பதால் யாரும் கிட்டப் போகக் கூடாது. காலை பத்து மணிக்கு எதிரியின் விமானம் ஒன்று தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும். மஞ்சள் கண் அதிகாரிக்குக் காமாலை முற்றி, அவரை விமானத்தில் ஏற்றி ஏதென்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணி வண்டி செய்யச் சொன்ன உத்தரவுத் தாள் அவருடைய பையிலேயே போய்விட்டது.

மார்ச் தொடக்கத்தில் எர்ஹார்ட் ஒரு டப்பா சிகரெட்டுடன் மச்சானைப் பார்க்க வந்தான். வந்தவன் வணக்கம்கூடச் சொல்லாமல் சரிவைப் பார்த்து நின்றுவிட்டான்.

"மச்சான், அது நெஜமாவே ஆறா? இல்ல வெயில்ல எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுதா?"

"அந்தப் பக்கம் பாக்காத மாப்ள."

"பாக்கறதுக்குக்கூட ரேஷனா? நாங்க லாரில போறோம். கல்லு பட்டா தகரத்துல ஓட்டை விழுது. நீங்க ஆறை வச்சு வெயில்ல காயவிட்டிருக்கீங்க."

"ரிப்பேர்."

"ஆறும் ஒரே நேரத்துலயா? வெல்டிங்கூட புதுசா இருக்கு."

வெல்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் ஆர்னோவுக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. 

"ஹெர்த்தாவுக்கு எழுதறேன்" என்றான் எர்ஹார்ட். "உங்கண்ணன் ஆறு வண்டியைப் பூட்டி வச்சுக்கிட்டு என்னை லாரில அனுப்பறான்னு எழுதறேன்."

"எழுது. தணிக்கைக்காரன் கறுப்படிச்சிருவான்."

"நீ மாறிட்ட மச்சான்" என்று சொல்லிவிட்டு எர்ஹார்ட் போனான். சிகரெட் டப்பாவைத் தராமலே போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது. டிவிஷன் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த மேஜர் ஹோல்ட்ஹாஸ் பேசினார். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. கேப்டன் வென்ட்ஸ்கே போருக்கு முன்பு டிராக்டர் விற்றவர். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"உங்ககிட்ட ஆறு இரும்பு வண்டி இருக்கு. லிஸ்ட்ல இருக்கு. இன்னைக்கு எனக்கு வேணும்."

"அந்த ஆறும் போற நிலைமைல இல்லீங்க."

"என்ன கோளாறு?"

"அதைப் போன்ல சொல்ல முடியாதுங்க." கம்பியில் எதிரி ஒட்டுக்கேட்கலாம் என்பது கண்டிப்பான விதி.

"வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் போன்ல சொல்ல முடியாத காரணம்தான் இருக்கு. நானே வரேன்."

கேப்டன் போனை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். "வரட்டும். நேர்ல சொன்னா முடிஞ்சது."

ஒன்பதரைக்கு மேஜர் வந்தார். அவர் பின்னால் நான்கு லாரிகளில் அறுபது பேர் வந்து இறங்கினார்கள். எர்ஹார்டின் படைக் கம்பெனியில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். எர்ஹார்ட் ஆர்னோவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"பாத்தியா மச்சான், ஒளிச்சு வச்சாலும் எங்களுக்குத்தான்."

"எங்க போறீங்க?"

"கிணத்து மேட்டுக்கு. ரெண்டு கிலோமீட்டர் மொட்டைத் தரை. படுத்து ஒளியறதுக்கு ஒரு கல்லு கிடையாது, எதிரே நாலு மெஷின்கன். லாரில போனா எவனும் திரும்ப மாட்டான். இரும்பு வண்டின்னதும்தான் எங்க கேப்டனே ஒத்துக்கிட்டார்." சட்டைப் பையிலிருந்து சிகரெட் டப்பாவை எடுத்து நீட்டினான். "கோவத்துல அன்னைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

ஆர்னோ டப்பாவை வாங்கிக்கொண்டான். 

மேஜரிடம் கேப்டன் எல்லாவற்றையும் சொன்னார். மேஜர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"துணி. இது புதுசு. ஒருத்தர் என்ஜின் போச்சுன்னார், நம்பினேன். ஒருத்தர் பட்டை போச்சுன்னார், நம்பினேன். ஒருத்தர் வண்டி மேல கூடாரம் போட்டு உள்ள சமையல்கட்டு நடத்திக்கிட்டிருந்தார். துணின்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல. உங்களுக்கு மூளை இருக்கு."

"சத்தியமாத் துணிங்க."

மேஜர் பைனாகுலரை எடுத்துச் சரிவைப் பார்த்தார். "துணில வெல்டிங் பண்ணியிருக்கீங்களா? எனக்குத் தழும்பு தெரியுது."

 அந்தக் கயிற்றை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்று ஆர்னோ நினைத்தான்.

"உத்தரவுத் தாள் இருக்கா?" என்றார் மேஜர்.

"உங்களுக்கு முன்னால இருந்தவர்கிட்ட."

"அவர் எங்க?"

"ஏதென்ஸ்ல. காமாலை."

"நல்ல நேரத்துல வந்த காமாலை." மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்துக்கு விமானம் வரும். அது போனப்பறம் என் ஆளுங்க போய் ஏறிக்கட்டும், அதுவரைக்கும் யாரும் கிட்டப் போக வேண்டாம். பத்து மணிக்கு நான் வயர்லெஸ்ல 'தயார்'னு அனுப்பணும். அப்பறம் லாரி தேவைப்படாது, தண்ணி எடுக்கக் கிளம்பலாம்."

அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். 'தயார்' போய்விட்டால் பீரங்கிகள் இடம் மாறும், பக்கத்துப் படை புறப்பட்டுவிடும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது. பத்தரைக்குத் துணி என்று தெரிந்து என்ன பயன்? பக்கத்துப் படையைத் தனியாக விட முடியாது என்று சொல்லி இந்த அறுபது பேரையும் நடந்தே அனுப்புவார்கள். மொட்டைத் தரையில், இரண்டு கிலோமீட்டர்.

பத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஆர்னோ சரிவைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

"டேய்" என்றார் ஷ்லூட்டர் மெதுவாக. "கால்தடம். விமானம். கோர்ட்டுல நிறுத்திடுவாங்கடா."

ஆர்னோ திரும்பவில்லை. ஷ்லூட்டர் இன்னொரு தடவை கூப்பிடவும் இல்லை.

மணலில் அவன் கால்தடம் பின்னாலேயே வந்தது. முதல் வண்டியின் பின்புறம் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மூன்று வாரம் நின்ற சக்கரங்கள் மணலில் புதைந்திருந்தன. வண்டி அசைந்தது, மறுபடி உட்கார்ந்தது. குனிந்து கையால் மணலை வாரி எறிந்தான். மறுபடி தள்ளினான். கிளம்பிவிட்டது. சரளைத் தரைக்கு வந்ததும் சுலபமாக உருண்டது; குழந்தை வண்டியைத் தள்ளி ஓட்டிப் பார்க்கிற அதே உணர்வு அவன் கைக்கு வந்தது. இடது சக்கரம் கொஞ்சம் இழுக்கிறது, எர்ஹார்டிடம் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பாதி வழியில் விமானச் சத்தம் கேட்டது. அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டது.

ஓடினால் விமானி பார்ப்பான். நின்றாலும் பார்ப்பான். ஆர்னோ குனிந்து துணிக்கு அடியில் புகுந்து, வண்டிக்குள் நிமிர்ந்து நின்றான். உள்ளே பசை நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் நிரம்பியிருந்தன. குறுக்குச் சட்டத்தில் நெஞ்சை வைத்துத் தொடர்ந்து தள்ளினான். சத்தம் தலைக்கு மேல் வந்து, வட்டமடித்து, மறுபடி வந்தது.  எட்டு மில்லிமீட்டர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சைப் பெட்டி இருந்தது. இந்த வண்டிகளுக்குள்தான் அறுபது பேரும் பத்திரமாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அவன் நடந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்து வடக்கே போனது.

அதன்பிறகு வேறொரு சத்தம் கேட்டது. நிறைய பேர் சிரிக்கும் சத்தம்.

வெளியே என்ன நடந்தது என்பதை எர்ஹார்ட் பிற்பாடு அவனிடம் எத்தனையோ தடவை சொன்னான். வண்டி முன்பக்கம் காட்டி இறங்கி வந்தபோது மேஜர் கேப்டனிடம், "ஓடாதுன்னீங்க?" என்றாராம்.  பிறகு வண்டி வளைந்து பக்கவாட்டில் திரும்பியபோது, வரைந்த சங்கிலிப் பட்டைக்கு அடியில் இரண்டு பூட்ஸ் கால்கள் நடந்து வருவது எல்லாருக்கும் தெரிந்ததாம்.

ஆர்னோ வெளியே வந்து நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்தான். மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருந்தது. மேஜர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து விரலால் கவசத்தைச் சுண்டினார். அது மேளம்போலப் பேசியது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஷ்லூட்டர் ஒரு பெட்ரோல் கேனை நகர்த்திப் போட்டார். மேஜர் அதில் உட்கார்ந்தார்.

"அறுபது பேர்" என்றார், தனக்குத்தானே.

கடிகாரத்தில் பத்துக்கு இரண்டு நிமிடம். மேஜர் எழுந்து தன் காரில் இருந்த வயர்லெஸ்காரனிடம் போனார். அவர் சொன்னது 'தயார்' இல்லை. 'இன்று இல்லை' என்பதற்கான சங்கேத எண்ணைத்தான் சொன்னார். லாரி ஓட்டுநர்களைப் பார்த்து, போகாதே என்று கையைக் காட்டினார். வரிசையில் நின்ற அறுபது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல இருந்தது. ஒருவன் அப்படியே தரையில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தான். யாரும் அவனை எழச் சொல்லவில்லை.

மேஜர் திரும்பி வந்தார். "இந்த நம்பரை யார் எழுதினது?"

"நான்தாங்க."

"எங்கேர்ந்து எடுத்த?"

"முப்பத்தாறாம் வருஷ கேட்லாக்குங்க. எங்க தொழிற்சாலைல. குழந்தை வண்டி நம்பர்."

மேஜர் பலகையைப் பார்த்தார். "இது எந்த வண்டி?"

"ரெட்டைக் குழந்தைக்குங்க. மடக்குற கூரை வச்சது."

அப்போதுதான் மேஜர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கேப்டனுக்குத் தானும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சிரித்து முடித்து மேஜர் சொன்னார்: "விமானம் வர்ற நேரத்துல மாதிரி வண்டியைத் தொட்டது குத்தம். எழுதித்தான் ஆகணும்."

"ஐயா" என்றார் ஷ்லூட்டர். "மூணு வாரமா அந்த ஆறும் அசையாம நின்னுது. இன்னைக்குத்தான் ஒண்ணு ஓடுறதை எதிரி பாத்திருக்கான். இதுக்கு மேல நம்ப வைக்கணும்னா நாம டீசல்தான் ஊத்தணும்."

"பெட்ரோல்" என்று திருத்தினார் மேஜர். "அது பெட்ரோல் வண்டி." பிறகு நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் பட்டறை முற்றத்தில் அறுபது பேரும் உட்கார்ந்து டின் இறைச்சியைத் தின்றார்கள். தோல்போல இறுகியது என்பதால் படையில் அதற்குக் 'கிழவன்' என்று பேர்; அப்படித் திட்டாமல் தின்ற ஒரே நாள் அதுதான். எர்ஹார்ட் தட்டோடு வந்து ஆர்னோவின் பக்கத்தில் உட்கார்ந்தான். 

"சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு மாப்ள."

"நான் உன்னை என்னென்னவோ நெனச்சிட்டேன்." கொஞ்சம் மென்றான். "இடது சக்கரம் இழுக்குது, பாத்தியா? யார் பூட்டினது?"

"நான்தான்."

"அதான். மேல்கூட்டுக்காரன்லாம் சக்கரத்தைத் தொடக்கூடாது."

கிணற்று மேட்டைத் தாக்கும் திட்டம் அப்புறம் எழவே இல்லை. பத்து நாள் கழித்து எதிரி தானாகவே அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டான். ஏன் போனான் என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் கிப்லி என்ற பாலைவனப் புழுதிக்காற்று அடித்து நான்கு வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நம்பர் உள்ள வண்டி காணாமல் போனால் காரணம் எழுத வேண்டும். ஷ்லூட்டர் உள்ளபடியே 'காற்று' என்று எழுதி அனுப்பினார். எட்டு டன் வண்டி காற்றில் போனது எப்படி என்று மேலிடத்திலிருந்து மூன்று முறை விளக்கம் கேட்டு வந்தது.

மறுவருடம் மே மாதம் துனீசியாவில் எல்லாரும் கைகளைத் தூக்கிக்கொண்டு சரணடைந்தார்கள். ஆர்னோவும் எர்ஹார்டும் வேறு வேறு போர்க்கைதி முகாம்களில் இருந்தார்கள். ஒருவன் உயிரோடு இருப்பது மற்றவனுக்கு ஹெர்த்தாவின் கடிதத்தில்தான் தெரிந்தது. 1947 இலையுதிர் காலத்தில் ஆர்னோ சைட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கியபோது எர்ஹார்ட் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். ஹெர்த்தாவின் அடுப்பங்கரைச் சுவரில் பத்திரிகைப் படம் இருந்த இடத்தில் நான்கு ஆணித்துளைகள் இருந்தன.

தொழிற்சாலையில் மெழுகுத்துணியும் கிடைக்கவில்லை, நல்ல மரமும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஹெர்த்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, பழைய கூடாரத் துணியும் பழப்பெட்டிப் பலகையும் வைத்து ஆர்னோ வீட்டிலேயே ஒரு வண்டி செய்தான். சக்கரத்தை எர்ஹார்டுக்கு விட்டுவிட்டான்.

குழந்தையைப் படுக்கவைக்கும் முன் எர்ஹார்ட் குனிந்து பக்கத்துணியை விரலால் சுண்டிப் பார்த்தான்.

"இதுக்குள்ள நம்பிப் படுக்க வைக்கலாமா மச்சான்?"

"தாராளமா" என்றான் ஆர்னோ. "இதுல நம்பரே போடல."

ஹெர்த்தா குழந்தையை உள்ளே வைத்தாள். எர்ஹார்ட் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினான். வண்டி நேராகப் போயிற்று. இடது பக்கம் இழுக்கவில்லை.